இரண்டு போனும் ஒரு பொட்டும்

“கறுப்பா, நீலமா? நீங்களே சொல்லிடுங்க மாஸ்டர். எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்கறேன்.”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே குழந்தைவேலு கேட்டுவிட்டார்.

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. ஏற்காட்டு மூடுபனி மரத்தையும் மதிலையும் ரோட்டையும் முழுங்கிவிட்டு, இனி எதை முழுங்கலாம் என்று வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தது.

மாஸ்டர் என்றதும் தாடியும் தடியுமாக ஒரு ஆளை நினைத்துக்கொள்ளாதீர்கள். பெயர் சௌடேஸ்வரி. இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். செல்போனில் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுகிறவர்களில் அவளைத் தெரியாத ஆளே கிடையாது. ஜெயிக்க வேண்டிய கோப்பைகளை எல்லாம் ஜெயித்துவிட்டு, போதும்டா சாமி என்று மலையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆடக் கற்றுக்கொள்ள ஆட்கள் தேடி வருவார்கள். தலை நரைத்தவராக இருந்தாலும் அவளுக்கு அண்ணன்தான். அவருக்கு அவள் மாஸ்டர். அந்த வீட்டு வழக்கம் அப்படி.

குழந்தைவேலு சேலத்துக்காரர், நாற்பதை எட்டப் போகிறவர். நல்ல மனுஷன். கொஞ்ச காலமாக அவரைப் பேய் பிடித்திருந்தது. ஒன்று இல்லை, இரண்டு பேய். ஒன்று கறுப்பு, இன்னொன்று நீலம்.

“உட்காருங்கண்ணா. டீ போடட்டுமா?”

“டீயெல்லாம் இருக்கட்டும் மாஸ்டர். இதைக் கேளுங்க. ரெண்டுக்கும் ஒரே சிப்பு. ஒரே பேட்டரி. கறுப்புல உள்ளுக்குள்ளேயே குட்டியா ஒரு ஃபேன் வச்சிருக்கான், சூடே ஆகாது. நீலத்துல ஃபேன் இல்லை. ஆனா ஓரத்துல ரெண்டு பட்டன் குடுத்திருக்கான், சுடறதுக்கு அவ்வளவு சௌகரியம். கறுப்பு சீக்கிரம் சார்ஜ் ஏறும். நீலம் மெதுவா இறங்கும். நேத்து ஒருத்தன் வீடியோவுல கறுப்பைத் தூக்கி வச்சுக் கொண்டாடினான். அதே ஆளு இன்னிக்கு நீலத்தைக் கொஞ்சறான். மனுஷன் எதைத்தான் நம்பறது?”

“ஆட்டம்?”

“ரெண்டுலயும் வழுக்கிக்கிட்டுப் போகுதாம் மாஸ்டர்.”

“அதைக் கேக்கலைண்ணா. நீங்க ஆட்டம் ஆடி எவ்வளவு நாளாச்சு?”

குழந்தைவேலு தலையைச் சொறிந்தார்.

“பழைய போன்ல எழுதிப் பேசிக்கறது மட்டும்தான் மாஸ்டர் ஓடும். சண்டைன்னு இறங்கினா இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிச்சு அணைஞ்சு போயிடுது. சரி, புதுசை வாங்கிக்கிட்டே போவோம்னு…”

“எப்பலேர்ந்து?”

“மழை ஆரம்பிச்சதுலேர்ந்து.”

மழை முடிந்து, தீபாவளி போய், இதோ பனியும் இறங்கிவிட்டது. மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“வீட்டுல அண்ணி ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லாம இருப்பாளா? ‘என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ காபி ஆறறதுக்குள்ள தலையை ஆட்டினீங்க, ஒரு போனுக்கு இந்தப் பாடா’ங்கறா.”

“நியாயமாத்தானே கேக்கறாங்க. சரி, இன்னிக்கு என்ன அவசரம்? இந்தப் பனியில எவனாவது மலை ஏறுவானா?”

குழந்தைவேலுவின் முகம் விழுந்துவிட்டது. பழைய போனை எடுத்து நீட்டினார். ஆட்டத்துக்குள்ளேயே பேசிக்கொள்ளும் பக்கத்தில் ஒரு சேதி இருந்தது.

‘காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போச்சு வேலு. தனியா ஓடி என்ன பண்ண? இன்னிக்கு சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொன்னதும் என் அக்கவுண்டையே அழிச்சுடப் போறேன். நீ நல்லா இரு.’

“யாருண்ணா?”

“ஜலால். காயல்பட்டினம். அஞ்சாறு வருஷமா நானும் அவனும் ஜோடி மாஸ்டர். அவன் இல்லாம நான் இறங்கினதில்லை, நான் இல்லாம அவன் இறங்கினதில்லை. வைகாசியில வண்டியில போனவனை லாரி தட்டிடுச்சு. இடுப்பு எலும்பு. அப்பலேர்ந்து படுக்கைதான். எழுந்து நடப்பான்னு டாக்டர் சொல்றாரு, எப்பன்னு சொல்ல மாட்டேங்கறாரு.”

போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

“அவன் நடக்கறது, ஓடறது, குதிக்கறது எல்லாம் அந்த ஆட்டத்துக்குள்ளதான் மாஸ்டர்.”

“போன் போட்டுப் பேச வேண்டியதுதானே?”

“நம்பர் இல்லை.”

“அஞ்சாறு வருஷமா?”

“தினம் பார்க்கற ஆள்கிட்ட எவனாவது நம்பர் கேப்பானா மாஸ்டர்? தோணவே இல்லை. இப்பக் கேட்டு எழுதினா, திறந்தே பார்க்க மாட்டேங்கறான். மொகம்கூடத் தெரியாது. அந்த அக்கவுண்டு போச்சுன்னா ஆளே போன மாதிரி. நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்?”

“இத்தனை நாளா அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“இதோ, போன் பார்த்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன்.”

“அவரு?”

“சரின்னான். ஒவ்வொரு தடவையும் சரின்னுதான் சொன்னான்.”

எங்கேயோ ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. அது மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா, பனியில் யாருக்குத் தெரியும்?

“அதனாலதான் மாஸ்டர், இன்னிக்கு முடிவு பண்ணியே ஆகணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடுத்த பஸ்ஸுக்கே இறங்கிக் கடைக்குப் போயிடுவேன். கறுப்பா, நீலமா?”

அட மனுஷா! சிநேகிதன் கைவிட்டுப் போகிறான், இன்னமும் கறுப்பா நீலமா என்றால் என்ன சொல்வது? மாஸ்டர் வேறொன்று கேட்டாள்.

“ஆட்டத்துல அவர் பேரு என்ன?”

“கடல்குதிரை.”

மாஸ்டர் எழுந்து உள்ளே போனாள். உள்ளறையில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு சீடர்கள் முணுமுணுப்பது கேட்டது. திரும்பி வந்தபோது அவள் ஒரு கையில் கறுப்பு, மறு கையில் நீலம்.

“பசங்களோடது. ரெண்டுலயும் ஒவ்வொரு ஆட்டம் ஆடிப் பாருங்கண்ணா. துணைக்கு ஒரு ஆளைச் சேர்த்து விடறேன்.”

இத்தனை நாளாக வீடியோவில் மட்டுமே பார்த்த இரண்டும் குழந்தைவேலுவின் மடியில் கிடக்கின்றன. தடவித் தடவிப் பார்த்தார். அந்த நேரத்தில் மாஸ்டர் தன் போனில் யாருக்கோ எதையோ எழுதி அனுப்பினாள். அதை அவர் கவனிக்கவில்லை.

பெயர் எதுவும் போடாமல் விருந்தாளியாக உள்ளே நுழைந்தார். நுழைந்ததும் முதல் வேலையாக ஒன்று செய்தார். திரையின் இடது மூலையில் ஒரு எண் வருகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

நொடிக்கு எத்தனை தடவை படம் மாறுகிறது என்று காட்டுகிற எண் அது. கூடினால் நல்ல போன், குறைந்தால் சுமார். போன் வாங்கப் போகிறவனுக்குச் சாமி, பூதம் எல்லாம் அந்த எண்தான்.

கறுப்பு.

விமானம் மேகத்துக்குள் போயிற்று. கதவு திறந்தது. குதித்தார். கீழே பஞ்சாக ஒரு தீவு மிதந்து வந்தது. அங்கேயும் பனி. ஜன்னல் பனி எது, தீவுப் பனி எது என்று பிரிக்க முடியாதபடி அறையே அந்தரத்தில் தொங்கியது. கூடவே இன்னொரு ஆள் குடை விரித்து இறங்கி வந்தான்.

தொண்ணூறு. தொண்ணூறு. தொண்ணூறு.

ஆகா, என்றார் குழந்தைவேலு.

யாரோ பக்கத்தில் ஓடி வந்தார்கள். யாரோ எங்கேயோ சுட்டார்கள். ஏதோ ஒரு வீட்டு மூலையில் சிவப்பாக ஒன்று மினுக்கியது. எண் எண்பத்தெட்டுக்கு இறங்கி மறுபடி ஏறியது. அடச்சே, என்றார்.

ஆட்டம் முடிந்தது. செத்துப்போயிருந்தார். அதைப் பற்றிக் கவலையே இல்லை.

“எப்படிண்ணா?”

“ஒரே ஒரு இடத்துலதான் மாஸ்டர் இறங்குச்சு.”

“எந்த இடம்?”

“ஏதோ ஒரு வீடு.”

“கூட வந்தது யாரு?”

“யாரோ ஒரு ஆளு. அதை விடுங்க, நீலத்தைக் குடுங்க.”

நீலம்.

மறுபடி மேகம். மறுபடி தீவு. பஞ்சு மாதிரி மெதுவாக, சத்தமே இல்லாமல் இறங்கினார். தொண்ணூறு, தொண்ணூறு. யாரோ அவர் காலடியில் குண்டுப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். எடுத்துக்கொண்டார். மலைச்சரிவில் மறுபடி ஒரு சிவப்பு மினுக்கல். எண்பத்தெட்டு.

“அட, இதுவும் அதே எண்பத்தெட்டு! என்ன மாஸ்டர் இது சோதனை?”

“அந்த நேரத்துல என்ன நடந்துச்சு?”

“தெரியலையே. நான் எண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. வெள்ளையாக இருந்த பனி சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. குழந்தைவேலுவுக்குத் திடீரென்று நேரம் உறைத்தது.

“பாங்கு நேரம் ஆகப் போகுது மாஸ்டர். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். சொல்லிடுங்க. கறுப்பா, நீலமா?”

மாஸ்டர் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். புருவ மத்தியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் உரித்தாள். குனிந்து, அவர் மடியில் கிடந்த போனின் திரையில், எண் தெரிகிற மூலையில் ஒட்டினாள்.

“என்ன மாஸ்டர் இது?”

“இன்னும் ஒரு ஆட்டம் ஆடுங்க.”

“எண் தெரியலையே.”

“ஆடுங்கண்ணா.”

ஆடினார். வேறு என்ன செய்வது? மேகம் வந்தது, கதவு திறந்தது. கண் பழக்கதோஷத்தில் மூலைக்கே ஓடியது. அங்கே அரக்குச் சிவப்பில் ஒரு பொட்டு இருந்தது. மறுபடி ஓடியது. மறுபடியும் பொட்டு.

ஓடி ஓடி அலுத்துப்போய்க் கண் கீழே இறங்கியது.

கீழே கடல் இருந்தது.

இந்தத் தீவைச் சுற்றிக் கடல் இருப்பதையே குழந்தைவேலு மறந்துபோயிருந்தார். அலை வந்து மணலை நனைத்துவிட்டுத் திரும்பியது. புல் காற்றில் படுத்து எழுந்தது. எவ்வளவு நாளாச்சு இங்கே வந்து, என்று நினைத்தார்.

முன்னால் அந்த ஆள் ஓடிக்கொண்டிருந்தான். ஓடினவன் நின்றான். திரும்பிப் பார்த்தான். குழந்தைவேலு வந்து சேர்கிறவரை நின்று, அப்புறம் மறுபடி ஓடினான். யார் பெற்ற பிள்ளையோ, தன்னையும் ஒரு மனுஷனாக மதித்து நிற்கிறானே என்று குழந்தைவேலுவுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மேட்டிலிருந்து ஒரு குண்டு வந்தது. அந்த ஆள் சுருண்டு விழுந்தான்.

இந்த ஆட்டத்தில் விழுந்தவன் உடனே சாவதில்லை. முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டு கிடப்பான். உடம்பைச் சுற்றிச் சிவப்பு மினுக்கும். உயிர் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். கூட வந்தவன் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டுத் தூக்கினால் பிழைப்பான். தூக்குகிற வரைக்கும் தூக்குகிறவன் துப்பாக்கியைத் தொட முடியாது. எவன் வேண்டுமானாலும் அவனைச் சுடலாம்.

விழுந்தவன் தவழ்ந்தான். மறைவைப் பார்த்துத் தவழவில்லை. குழந்தைவேலுவைப் பார்த்துத் தவழ்ந்தான்.

அவன் தலைக்கு மேலே பெயர் மிதந்தது.

கடல்குதிரை.

“அய்யோ!”

முதல் ஆட்டத்தில் வீட்டு மூலையில் மினுக்கியது யார்? இரண்டாவது ஆட்டத்தில் மலைச்சரிவில்? குழந்தைவேலு பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார். குண்டு காதோரம் சீறியது. படட்டும். பக்கத்தில் போய் மண்டியிட்டார். மைக்கைத் தட்டினார்.

“டேய் ஜலால்! நான்தான்டா! வேலுடா!”

போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த ஒரு கணம் ஏற்காட்டு மலை முழுக்க மூச்சு விடாமல் நின்ற மாதிரி இருந்தது.

“வேலுவா?”

“ஆமாண்டா.”

“விருந்தாளின்னு பேரு வச்சுக்கிட்டு ரெண்டு ஆட்டமா என்னைச் சாகவிட்டு வேடிக்கை பார்த்தவன் நீதானா?”

“நான்தான்டா. செருப்பால அடி.”

“அடிக்க எழுந்து வரணுமே. முதல்ல தூக்கி விடு.”

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. மாஸ்டர் பார்க்கிறாளே என்றுகூடத் துடைத்துக்கொள்ளவில்லை. மாஸ்டர் எப்போதோ டீ போட உள்ளே போய்விட்டிருந்தாள்.

கடல்குதிரை எழுந்து நின்றான். நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தான். மேட்டிலிருந்தவன் ஏனோ சுடவில்லை. இரண்டு பேரும் ஒரு பாறைக்குப் பின்னால் போய், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போனுக்குள்ளே, ரொம்ப தூரத்தில், காயல்பட்டினத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

“தொழுதுட்டு வந்துடறேன் வேலு. இருப்பியா?”

“இங்கேயேதான்டா நிப்பேன்.”

“அப்ப போன் வாங்கிட்டியா?”

“இன்னும் இல்லைடா.”

“பின்னே எப்படிடா வந்தே?”