தவசி வீட்டு மச்சு பாடிய விதம்

திண்டுக்கல்லில் தவசி, சோணை, மலையாண்டி என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரு வீடு, ஒரு பூட்டுக்கடை, ஒரே ஒரு மூளை. அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் அவர்களுக்குள் அடிக்கடி தகராறு வரும்.

வீடு பலகை அடித்த பழைய மச்சு வீடு. அந்தப் பலகையே தரையாக, மாடியில் ஆரோக்கியசாமி குடியிருந்தார். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர், தங்கமான மனிதர்.

தவசியின் மனைவி முத்துப்பேச்சி பழனியில் அக்கா வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து போன் போட்டாள். அக்கா வீட்டில் ஸ்பீக்கரை மேலேயே பதித்திருக்கிறார்களாம், மச்சே பாடுகிறதாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலமே வருவாளாம். நம் வீட்டு மச்சும் பாடினால் உள்ளே வருவாள், பாடாவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவாள். நாலு நாளாக மூவரும் மலையாண்டி வைத்த ரசத்தைக் குடித்துத்தான் உயிரோடு இருந்தார்கள்.

உடனே கடைக்குப் போனார்கள். ஃபால்ஸ் சீலிங் இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்டார். எங்கள் வீட்டில் பொய்க்கே இடமில்லை, எல்லாம் அசல் தேக்கு என்றான் தவசி. மாட்டுவதற்கு ஆள் அனுப்பட்டுமா என்றார். நாங்களே மூன்று ஆள் இருக்கிறோமே என்றான் சோணை. கடைக்காரர் பெருமூச்சு விட்டு விளக்கினார்.

"சுவத்துக்கு ரெண்டடி விட்டுட்டு, நீங்க வழக்கமா உக்கார்ற எடத்துக்கு நேர் மேல ஓட்டை போடுங்க. ஒயர் போட்டது வெளிய தெரியக் கூடாது."

சுவருக்கு ரெண்டடி விடுவது சுலபமாக இருந்தது. சோணை சம்மட்டியை எடுத்தான். முதல் அடிக்குக் காரை உதிர்ந்தது. இரண்டாவது அடிக்குப் பக்கத்து வீட்டுச் சமையலறை தெரிந்தது. அங்கே தாளித்துக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். இன்னும் ஒன்று விடட்டுமா என்றான் சோணை. தவசி தடுத்துவிட்டான். எதற்கும் ஒரு அளவு உண்டு.

ஒயர் விஷயம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மலையாண்டிக்கு. அவன் அந்த ஓட்டை வழியாகவே தலையை நீட்டி, "அக்கா, நாங்க ஒயர் எதுவும் போடலை" என்றான். பிறகு தெருவில் வீடு வீடாகப் போய் அதையே சொன்னான். நம்பாதவர்களிடம் ஒயர் சுருளை எடுத்துக் காட்டி, இந்த ஒயரைத்தான் போடவில்லை என்று விளக்கினான்.

அடுத்து, உட்காரும் இடம். தவசி வழக்கமாக உட்காருவது ஊஞ்சலில். அவன் போய் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தான். சோணை சுண்ணாம்புக் கட்டியோடு ஏணியில் ஏறினான். ஏறியவன் அப்படியே யோசனையில் ஆழ்ந்தான்.

"அண்ணே, நேர் மேலன்னா எது? நீ முன்னாடி போறப்பவா, பின்னாடி வர்றப்பவா?"

"ரெண்டு எடத்துலயும் நாந்தானேடா இருக்கேன்."

"அப்போ ரெண்டு ஓட்டை."

"நடுவுல வர்றப்ப நான் எங்க போயிடறேன்?"

இது நியாயமான கேள்வி. அரை மணி நேரம் பேசி முடிவெடுத்தார்கள். ஊஞ்சல் போய் வரும் தூரம் முழுவதற்கும் ஒரே ஓட்டையாக, ஆறடி நீளம், முக்கால் அடி அகலத்துக்குப் பலகையை அறுத்தார்கள். மாடியில் ஆரோக்கியசாமி இல்லை. வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தார். அவர் விரித்து வைத்த கோரைப்பாய் மட்டும் ஓட்டைக்கு மேல் அடக்கமாகக் கிடந்தது.

ஸ்பீக்கரை ஓட்டையில் வைத்தார்கள். அது மலையாண்டியின் தலையில் விழுந்தது. மறுபடி வைத்தார்கள். மறுபடியும் அதே தலை. கடையிலிருந்து வருவதற்குள் ஸ்பீக்கர் இளைத்துவிட்டது என்றான் சோணை. புது இடம், சாப்பாடு ஒத்துக்கொண்டிருக்காது என்றான் மலையாண்டி, தலையைத் தடவிக்கொண்டே. மூவரும் ஸ்பீக்கரை ஊஞ்சலில் கிடத்தி, கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஆரோக்கியசாமி கல்யாணத்திலிருந்து திரும்பினார். கிளாரினெட்டும் கையுமாகப் பாயை மிதித்தார். சரேலென்று மச்சிலிருந்து ஒரு கால் தொடை வரைக்கும் இறங்கியது. மேலேயிருந்து பெரிய முனகல் கேட்டது.

"அண்ணே, இது மாடி அண்ணன் காலு" என்றான் சோணை.

தவசி நிதானமாக அண்ணாந்து பார்த்தான். "காலு யாருதா இருந்தா என்ன? சத்தம் மச்சுலேருந்துதானே வருது."

அன்றைக்கு மூளை அவனிடம்தான் இருந்தது. ஸ்பீக்கர்தான் தொப்பென்று விழுந்தது, இது விழவில்லை. ஒரே குறை, பாட்டு வரவில்லை, முனகல்தான் வந்தது. தவசி கடைக்காரருக்குப் போன் போட்டு, மாட்டியாகிவிட்டது, ஆனால் ஒரே இரைச்சலாக இருக்கிறது என்றான். எர்த் கொடுங்கள், சரியாகிவிடும் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

ஒயரின் ஒரு முனையை ஆரோக்கியசாமியின் கட்டைவிரலில் சுற்றினார்கள். மறுமுனையை ரோஜாத் தொட்டியில் புதைத்துத் தண்ணீரும் ஊற்றினார்கள். விரலில் ஒயர் பட்டதும் கூச்சத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முனகல் போய்ச் சிரிப்பு வருகிறது, எர்த் வேலை செய்கிறது என்று மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முத்துப்பேச்சி பையோடு இறங்கினாள். படிக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். தவசி மச்சைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணே, ஒரே ஒரு பாட்டு. அவ உள்ள வந்துட்டா ஒங்களைத் தூக்கி விட்டுடறோம்."

ஆரோக்கியசாமிக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணில் நீர் தளும்ப, கல்யாண ஊர்வலத்தில் வாசிப்பதை எடுத்து வாசித்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக வாசித்ததில்லை. பாட்டு மச்சிலிருந்து மழையாக இறங்கியது. முத்துப்பேச்சியின் முகம் மலர்ந்தது. வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். நடுக்கூடத்தில் நின்று இந்தப் பக்கம் ஒரு காதைக் கொடுத்தாள், அந்தப் பக்கம் ஒரு காதைக் கொடுத்தாள். பிறகு அண்ணாந்து, ஒயர் சுற்றிய காலைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பக்கம்தானே வருது? அக்கா வீட்டுல ரெண்டு பக்கமும் வருதே."

தவசி தம்பிகளைப் பார்த்தான். தம்பிகள் தவசியைப் பார்த்தார்கள். சோணை ரம்பத்தோடு ஏணியில் ஏறி, ஓட்டை வழியாக ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"அண்ணே, அந்த இன்னொரு காலை எங்க வச்சிருக்கீங்க?"