கடைசிப் பந்து யாருக்கு

"கடைசிப் பந்தை யாருக்குத் தூக்கட்டும், அக்கா?"

இறுதி ஆட்டத்தன்று காலை உணவின்போது பூங்கோதை கேட்டாள்.

அமலி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முதல் பந்தை யாருக்குத் தூக்கப்போகிறாய் என்று திருப்பிக் கேட்டாள். அது அந்த நேரத்தைப் பொறுத்தது என்றாள் பூங்கோதை.

அமலி தலையை ஆட்டிவிட்டு முட்டையைத் தின்னத் தொடங்கினாள்.

அமலி இந்தியப் பெண்கள் வாலிபால் அணியின் பயிற்சியாளர். பூங்கோதை அந்த அணியின் செட்டர். தோழிகள் எடுத்துத் தரும் பந்தை வலையோரம் தூக்கிக் கொடுப்பவள். யார் அடிப்பது என்பதைக் கண் இமைக்கும் நேரத்தில் அவள்தான் முடிவு செய்ய வேண்டும். இருவருக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம். ஒன்றாக ஆடியவர்கள். முழங்கால் போனபின் அமலி ஓரத்துக்கு வந்துவிட்டாள்.

பூங்கோதை அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

போன வருஷம் இதே தெற்காசியப் போட்டி டாக்காவில் நடந்தது. அரையிறுதியின் கடைசிப் பந்தை அவள் லிஜினாவுக்குத் தூக்கினாள். லிஜினா கேரளத்து வடகரைப் பெண். ஆறு வருஷமாக வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் இருவருக்கும் ஒரே அறைதான். லிஜினா தமிழ் கற்றுக்கொண்டதும் அங்கேதான். அன்று லிஜினா பந்தை வலையில் அடித்துவிட்டாள்.

உடை மாற்றும் அறையில், எல்லோர் முன்னாலும், இனி உன்னை நம்ப மாட்டேன் என்று பூங்கோதை சொன்னாள். அடுத்த பயணத்தில் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகும் லிஜினாவுக்குப் பந்து போனது. ஆட்டம் தொடங்கும்போது போனது. புள்ளிகள் நெருங்கும்போது போகவில்லை. ஏன் என்று லிஜினா ஒரு நாளும் கேட்கவில்லை.

இந்த வருஷம் காத்மாண்டு. இறுதி ஆட்டம் நேபாளத்தோடு, அவர்கள் மண்ணில்.

ஆளுக்கு இரண்டு செட். ஐந்தாவது செட்டில் கூட்டம் போட்ட சத்தத்தில் நடுவரின் விசில்கூடச் சரியாகக் கேட்கவில்லை. இடது ஓரத்திலிருந்து அரியானாவின் பல்ஜீத் அடித்துக்கொண்டே இருந்தாள். பதின்மூன்று வரை அந்தக் கை காப்பாற்றியது. பிறகு நேபாளத்துப் பெண்கள் கண்டுகொண்டார்கள். இரண்டு பேர் முன்கூட்டியே அவள் பக்கம் நகர்ந்து கைகளை உயர்த்தினார்கள். அடுத்தடுத்து இரண்டு பந்துகள் அந்தக் கைகளில் பட்டு இந்தியப் பக்கமே விழுந்தன.

பதின்மூன்று, பதினான்கு. இன்னும் ஒரு புள்ளி போனால் கோப்பை போய்விடும்.

அமலி டைம் அவுட் கேட்டாள். முப்பது நொடி.

அவள் பேசுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பத்து நொடி போயிற்று. பூங்கோதைக்குக் கோபம் வந்தது. அணியில் பேசுவது இந்திதான். அவள் தமிழில் கேட்டாள்.

"இப்பவாவது சொல்லுங்கக்கா. யாருக்கு?"

"இந்தப் பந்து விழுந்தா எல்லாம் முடிஞ்சுது," என்றாள் அமலி. "யார் அடிச்சு விழுந்தா உன்னால தாங்க முடியும்?"

"பல்ஜீத் அடிச்சா தாங்குவேன்."

"அப்புறம்?"

"நடுவுல நிக்கிற புதுப் பொண்ணு அடிச்சாலும் தாங்குவேன்."

"அப்புறம்?"

பூங்கோதை குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கினாள்.

அந்த வட்டத்தில் தமிழ் புரிந்த இன்னொருத்தி லிஜினா மட்டும்தான். இரண்டடி தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

விசில் ஊதிவிட்டார்கள்.

களத்துக்குள் நடக்கும்போது பூங்கோதைக்குக் காது அடைத்துப்போனது. கூட்டத்தின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. அமலியின் இரண்டாவது "அப்புறம்" மட்டும் உள்ளே நின்றது.

நேபாளத்தின் சர்வீஸ் வந்தது. பின்வரிசை அதை நன்றாக எடுத்துக் கொடுத்தது. பந்து மேலிருந்து இறங்கும்போதே எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேரும் பல்ஜீத்தை நோக்கி ஓடுவது பூங்கோதையின் ஓரக்கண்ணில் பட்டது.

வலது ஓரத்தில் தடுக்க ஆளே இல்லை. அங்கே லிஜினா நின்றாள்.

பூங்கோதை முதுகை வளைத்து, திரும்பிப் பார்க்காமல், தலைக்குப் பின்னால் பந்தைத் தூக்கினாள். அந்த வருஷத்திலேயே அவள் தூக்கிய மிக நல்ல பந்து அது. அவளுடைய கைகளுக்கு அது தெரிந்தது.

லிஜினா அரை எட்டு தாமதமாகக் கிளம்பினாள்.

பந்து வலையின் மேல் விளிம்பில் பட்டு இந்தப் பக்கமே விழுந்தது.

நேபாளத்துப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அரங்கமே எழுந்து நின்றது. லிஜினா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். டாக்காவிலும் இப்படித்தான் உட்கார்ந்தாள். அன்று பூங்கோதை அவளைத் தாண்டிப் போனாள்.

இன்று பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் கை வைக்கலாமா என்று தெரியவில்லை. வைத்தாள்.

"நான் தூக்கினது சரியில்லையா?" என்று கேட்டாள்.

"பந்து நல்லாத்தான் வந்துச்சு," என்றாள் லிஜினா, முகத்தை எடுக்காமல்.

"அப்புறம் ஏன்..."

லிஜினா நிமிர்ந்து பார்த்தாள்.

"தாங்குவேன்னு நீ சொன்ன பேருங்கள்ல நான் இல்லையே."