எந்தக் கேபிளை உருவுவது?

"மேடம், ரெண்டு வழியும் வந்துருச்சு! வந்து பாருங்க!"

சீடர் தணிகாசலம் மூச்சிரைக்க வந்து நின்றார். வயது ஐம்பத்தொன்று. இருபத்துமூன்று வருடம் அதே ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டரைக் கட்டி மேய்த்தவர், லினக்ஸ் படித்துச் சர்வர் அறைக்கு மாறியிருந்தார்.

குரு ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு. அந்த அறையில் அவள் சரி என்றால்தான் எதுவும் சரி.

ரத்த வங்கியின் பதிவுகள் இன்று நாலு மணிக்குப் புது சர்வருக்கு மாற வேண்டும். அது தணிகாசலத்தின் முதல் சர்வர். இன்றும் தள்ளிப்போனால் பழையபடி ஜெனரேட்டருக்கே போகலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

சர்வர் இங்கே. பதிவுகளைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி அடுத்த அலமாரியில். நடுவே இரண்டு கேபிள்கள், ஒவ்வொன்றின் வழியிலும் இணைப்பைப் பிரித்துவிடும் ஒரு ஸ்விட்ச். ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

தணிகாசலம் அவளைத் தன் திரைக்கு முன் உட்காரவைத்துக் காட்டினார். டிஸ்குக்குப் போகும் வழிகளைச் சொல்லும் மல்டிபாத் பட்டியலில் ஒரே டிஸ்குக்குக் கீழே இரண்டு வரிகள். இரண்டும் ஆக்டிவ்.

"ரெண்டு வழி இருக்குல்லண்ணே?"

"கண்ணு முன்னாடி இருக்கே மேடம்!"

"அப்ப ஒரு கேபிள உருவுங்க."

உற்சாகமாகக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது.

"எத உருவணும் மேடம்?"

ஜெசிந்தா எழுந்து டீ குடிக்கப் போய்விட்டாள்.

இதெல்லாம் ஒரு பதிலா! தணிகாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மணியோ இரண்டரை. திரையை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நாற்காலி நுனிக்கு வந்தார்.

இரண்டு வரிகளுமே 7 என்ற எண்ணில் தொடங்கின. அது சர்வரில் கேபிள் சொருகும் போர்ட்டின் எண். இரண்டு வழியும் ஒரே போர்ட்டில் கிளம்பி, ஒரே கேபிளில் போய், நடுவிலுள்ள ஸ்விட்சில்தான் பிரிகின்றன. இன்னொரு கேபிள் பேருக்குச் சொருகிக் கிடக்கிறது.

"அடப்பாவி மனுஷா!" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது.

இரண்டாவது போர்ட்டுக்கு அதன் ஸ்விட்சில் அனுமதியே கொடுத்திருக்கவில்லை. கொடுத்தார். டிஸ்கை மறுபடி தேடும்படி சர்வருக்குக் கட்டளை கொடுத்தார். வரிகள் நாலாயின. இரண்டு 7, இரண்டு 8!

ஜெசிந்தா திரும்பி வந்தாள். எந்தக் கேபிள் என்று அவர் கேட்கவில்லை. சோதனைக்காக டிஸ்கில் எண்களை எழுதவிட்டு, கைக்கு வந்த கேபிளை உருவினார்.

எண்கள் நின்றுவிட்டன.

ஒரு நொடி. இரண்டு. மூன்று. கேபிளைத் திரும்பச் சொருகக் கை பறந்தது.

ஜெசிந்தா போர்ட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

நாலு. ஐந்து.

எண்கள் ஓடின. இரண்டு வரிகள் செத்துக் கிடக்க, மற்ற இரண்டும் விட்ட இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தன. வழி மாறத்தான் அந்த ஐந்து நொடி.

"ஓடுது மேடம்! ஓடுது!"

கத்தல் வராந்தா வரை கேட்டது. ஐம்பத்தொரு வயது மனிதர் குதித்தார். ஆனந்தம் தாங்கவில்லை.

கேபிளைச் சொருகினார். நாலு வரிகளும் உயிர் பெறும் வரை காத்திருந்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, மற்றதை உருவினார். ஐந்து நொடியும் கைகட்டி நின்றார். எண்கள் ஓடின.

அதையும் சொருகிவிட்டுப் போனை எடுத்தார்.

"நாலு மணிக்கு மாத்திடலாம்னு ரத்த வங்கிக்குச் சொல்லிடவா மேடம்?"

"என்னை ஏண்ணே கேக்குறீங்க?" என்றாள் ஜெசிந்தா.