இருநூறு புகார்

நெட்டில் கருப்பட்டி என்று தேடினால் சந்தனமேரி கடைதான் முதலில் வருகிறது. கருப்பட்டி மண்டிக்கார தங்கவடிவேல் அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. மண்டியில் கம்ப்யூட்டர் பார்க்கும் செல்வக்கனியைக் கூப்பிட்டார்.

"இருநூறு பேர் எழுதின மாதிரி அவ கடை மேல புகார் போடு. அவ கீழ இறங்கணும். முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

செல்வக்கனியா, கொக்கா? "போட்டுரலாம் அண்ணாச்சி. என்ன குத்தம்னு எழுத?"

"சீனி கலப்படம்னு எழுது."

"எப்படிக் கலக்காங்கன்னு விவரமாச் சொன்னாத்தான் சனம் நம்பும்."

கருப்பட்டி வாங்க வந்த ஆட்கள் மண்டி நிறைய நிற்பதையும் மறந்து அண்ணாச்சி உற்சாகமாக அடுக்கினார். "பின்னால குடோன்ல வச்சு, ஒரு கொப்பரைப் பாகுக்கு அரை மூட்டை சீனி!"

அவள் ஒரு வார்த்தை விடாமல் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "அந்த அக்காவுக்கு குடோனே கிடையாதே அண்ணாச்சி. நம்ம குடோன் விலாசத்தையே போட்டுரட்டுமா?"

வாங்கிய பொட்டலங்கள் ஒவ்வொன்றாக மேசைக்குத் திரும்பின.