பொட்டு வைத்துக்கொண்ட விளக்கு

பாளையங்கோட்டையில் ஒரு டீசல் கார் இருந்தது. அதன் அடிவயிற்றில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு வடிகட்டி குடியிருந்தது.

எஞ்சின் கக்குகிற கரியை வாங்கி விழுங்குவது அதன் வேலை. எஞ்சின் இருமும், வடிகட்டி வாயைத் திறக்கும். வெளியே போகிற புகையில் கரி இருக்காது. தெருவில் நடக்கிறவர்களுக்கு அப்படி ஒருவன் கீழே கிடக்கிறான் என்பதே தெரியாது. வேலை ஒழுங்காக நடக்கிற இடத்தில் வேலைக்காரன் பெயரை யார் கேட்கப்போகிறார்கள்?

அதற்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். வயிறு நிறைந்துவிட்டால், காரை நாலு வழிச் சாலையில் ஏற்றி அரை மணி நேரம் நிற்காமல் ஓட்ட வேண்டும். அந்த ஓட்டத்தில் எஞ்சினின் மூச்சு கொதிக்கும். அந்தக் கொதிப்பில் வயிற்றுக் கரி எரிந்து ஒரு சிட்டிகைச் சாம்பலாகும். மறுபடியும் பசி எடுக்கும்.

முதலில் காரை வைத்திருந்தவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. திங்கள்கிழமை மதுரை, வியாழக்கிழமை நாகர்கோவில் என்று பறக்கிற ஆள். அவர் காலத்தில் வடிகட்டிக்கு அஜீரணம் என்றால் என்னவென்றே தெரியாது.

அவர் பெரிய வண்டி வாங்கிக்கொண்டு இதை விற்றார். வாங்கியவர் சுடலைமணி, தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேகமுள் நாற்பதைத் தொட்டால் முருகா என்று காலை எடுத்துவிடுகிற ஆள். வீட்டிலிருந்து மார்க்கெட் ஒன்றரை கிலோமீட்டர். கோயில் ஒரு கிலோமீட்டர். மச்சினன் வீடு அதைவிடப் பக்கம். மதுரைக்கு ஓடப் பிறந்த வண்டி முருங்கைக்கீரை வாங்கப் போய்வந்தது.

கார் வீட்டுக்கு வந்த அன்று பூஜை நடந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சுடலைமணியின் மனைவி பகவதியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு முன்சீட்டில் ஏறி, ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்துவிட்டு, டயல் கண்ணாடிக்கு விரலைக் கொண்டுபோனார்.

"முள்ளு மேல வச்சிராத. எனக்கு வேகம் தெரியணும்" என்றார் சுடலைமணி.

"வேகமா? ஐஸ் வண்டிக்காரன் உங்களை முந்திட்டுப் போறான். உங்களுக்கு என்னத்துக்கு வேகம்?" என்ற பகவதியம்மாள், கண்ணாடியை மேலும் கீழும் பார்த்தார். இடது பக்கம் ஒரு மூலை இருட்டாகக் கிடந்தது. "இந்த மூலை சும்மாத்தானே கிடக்கு. இங்க வைக்கேன்."

அந்த மூலையில்தான் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு குடியிருந்தது. வடிகட்டியின் வயிறு நிறைந்தால் எரிந்து காட்டுவது அதன் வேலை. மற்ற நேரமெல்லாம் இருட்டாக இருப்பதும் அதன் வேலைதான்.

"ஆத்தாடி! அண்ணே, பாத்தியா?" என்று விளக்கு கம்பி வழியாக வடிகட்டியிடம் கூவியது. "இத்தனை பேர் இருக்கையில எனக்கில்லா பொட்டு வச்சிருக்காங்க! ஜில்லுனு இருக்கு!"

"நல்லா இரு தங்கச்சி. நான் சொல்லி அனுப்புற அன்னைக்கு எரிய மட்டும் மறந்துராத" என்றது வடிகட்டி.

எஞ்சின் உறுமியது. "இழுக்கிறவன் நான். பொட்டு அவளுக்கு. நல்ல நியாயம்வே."

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசி பிறந்ததும் வடிகட்டிக்கு வயிறு பாரமாக இருந்தது. கம்பியில் சொல்லி அனுப்பியது. விளக்கு எரிந்தது.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம் அது. சந்தனத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கசிந்து, பொட்டு முழுவதும் பொன்னாக ஜொலித்தது.

"ஏங்க! நிறுத்துங்க! அம்மன் கண்ணத் தொறந்துட்டா!" என்று பகவதியம்மாள் அலறினார்.

சுடலைமணி நடுரோட்டில் நிறுத்தினார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் வேறு எந்தெந்தத் தெய்வங்களையோ கூப்பிட்டார். பகவதியம்மாள் காதில் அதெல்லாம் விழவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சொல்லிட்டியா?" என்று கீழேயிருந்து வடிகட்டி கேட்டது.

"சொன்னேம்லா! கும்பிடுதாங்க அண்ணே!"

"கும்பிடவா சொல்லச் சொன்னேன்? நாலு வழிச் சாலைக்குப் போகச் சொல்லு."

"நான் எரியத்தான் செய்வேன். வாய் திறந்து பேசவா முடியும்? பாக்கிறவங்க புரிஞ்சுக்கிடணும்" என்ற விளக்கு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஆனாலும் அண்ணே, கும்பிடும்போது ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றது.

செய்தி தெருவில் பரவியது. மூன்றாவது வீட்டு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்து, இதற்கு விஞ்ஞானக் காரணம் ஏதாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு, அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார். வெள்ளிக்கு வெள்ளி பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு ஏறியது. பொட்டு கனக்கக் கனக்க விளக்குக்குத் தலையும் கனத்தது.

கீழே வடிகட்டியின் பாடு திண்டாட்டம். எஞ்சின் தன்னாலான வைத்தியத்தைச் செய்து பார்த்தது. ஓடும்போது கூடுதலாகக் கொஞ்சம் டீசலைக் கொப்பளித்து மூச்சைச் சூடாக்கும். வயிற்றில் அடுப்பு பற்றிக்கொள்ளும். பாதி பற்றும்போது கீரைக்கடை வந்துவிடும். சுடலைமணி சாவியைத் திருகுவார். அடுப்பு அணைந்துவிடும். அடுத்த தடவை பாதி பற்றும்போது கோயில் வந்துவிடும். எரியாத டீசல் வழிந்து எஞ்சினின் எண்ணெயிலேயே கலந்தது.

"ஏலே, திங்கிற மூதி!" என்று எஞ்சின் சீறியது. "ஒனக்கு வைத்தியம் பாக்கப்போய் என் எண்ணெய் நீர்மோரா ஆயிட்டு. இப்படியா தின்னு அடைச்சுக்கிட்டுக் கிடப்பே?"

"நான் திங்கிறது நீங்க துப்புனது அண்ணாச்சி" என்றது வடிகட்டி.

பதில் இல்லாதவர்கள் செய்வதைத்தான் எஞ்சினும் செய்தது. இன்னும் சத்தமாக உறுமியது.

கார்த்திகையில் ஒருநாள், மேம்பாலத்து ஏற்றத்தில், கார் நொண்டிவிட்டது. மிதித்தால் இழுக்கவில்லை. பின்னால் நின்ற டவுன் பஸ் டிரைவர் தலையை நீட்டிக் கேட்டார்: "அண்ணாச்சி, அது காரா தேரா? வடம் புடிக்க ஆள் கூப்பிடவா?"

உருட்டிக்கொண்டும் ஊர்ந்துகொண்டும் மேலப்பாளையம் காஜாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். காஜா கை சுத்தமான மெக்கானிக், கிரீஸைக் கணக்கில் சேர்க்காவிட்டால். ஸ்டியரிங்குக்குக் கீழே சோதனை மெஷினைச் சொருகினார். திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"புகைக்குழாய் வடிகட்டி அடைச்சுக்கிட்டு அண்ணாச்சி. கழுத்து வரைக்கும் கரி. டயல்ல இடது பக்கம் மஞ்சளா ஒரு லைட்டு எரிஞ்சிருக்கணுமே?"

"ஒரு லைட்டும் எரியலை. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? மஞ்சளா அங்க சந்தனந்தான் இருக்கு" என்றார் சுடலைமணி.

காஜா எட்டிப் பார்த்தார். பட்டப்பகல் வெயிலில் சந்தனம் சந்தனமாகத்தான் தெரிந்தது. சாமி காரியம், தன் கிரீஸ் கை அதில் பட்டுவிடக் கூடாது என்று முழங்கையை ஒடுக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

"லைட்டே எரியாம இவ்வளவு அடைச்சிருக்குன்னா, உள்ளேயே என்னமோ உருகிக் கெட்டுப்போச்சு. சுத்தம் பண்ணிப் பிரயோசனம் இல்ல. புதுசு விலையக் கேட்டா உங்களுக்கு நெஞ்சு வலிக்கும்" என்று தலையைச் சொறிந்தார். "கழட்டி, வயித்தக் கீறி, உள்ள உள்ளதை இடிச்சுத் தள்ளிட்டு, வெறும் டப்பாவை மாட்டலாம். தப்புதான். எனக்கும் மனசு ஒப்பாது. ஆனா செய்யுதவங்க செய்யுதாங்க."

"புகை வருமோ?"

"வரும். ஆனா பின்னால வாறவனுக்குத்தான்."

"அப்போ சரி" என்றார் சுடலைமணி.

எஞ்சின் குஷியாகிவிட்டது. "அப்பாடா! இனி நான் விடுற மூச்சு நேரா வெளியில!"

காஜா வெட்டும் மெஷினைத் தேடி எடுத்துக்கொண்டே சொன்னார்: "கம்ப்யூட்டர்ல அந்த லைட்டையும் சேத்து அழிச்சிரணும் அண்ணாச்சி. இனிமே அது என்னைக்கும் எரியாது."

விளக்கு அதைக் கேட்டது.

"அண்ணே" என்றது. "அப்போ என் பொட்டு?"

"பொட்டு இருக்கும் தங்கச்சி. வெள்ளிக்கு வெள்ளி புதுசா வைப்பாங்க. நீதான் இருக்க மாட்ட."

"நான் என்ன செய்யணும்?"

"கும்பிடவிடாத. பயமுறுத்து."

விளக்குக்கு ஒரு வித்தை தெரியும். நிலைமை முற்றினால் விட்டுவிட்டு எரிய வேண்டும் என்று கார்க் கம்பெனியில் அதற்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கும்பிடுகிறவர்கள் மிரண்டுவிடுவார்களே என்று இத்தனை நாள் அதை அடக்கி வைத்திருந்தது. இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தது. எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது.

காருக்குள் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த பகவதியம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தார்.

"ஐயோ, ஏங்க! அம்மன் கண்ணடிக்கா!"

"உன்னையா?" என்றார் சுடலைமணி.

காஜா மெஷினை வைத்துவிட்டு ஓடிவந்தார். கையைக் குவித்து நிழல் கொடுத்து, பொட்டையே உற்றுப் பார்த்தார்.

"அக்கா, அம்மன் கண்ணடிக்க மாட்டா. அதை ஒரு தரம் துடையுங்க. நான் தொட மாட்டேன், நீங்களே துடையுங்க."

பகவதியம்மாள் தயங்கினார். தெய்வக் குற்றம் ஆகுமோ என்று முணுமுணுத்தார். "தெய்வம் நம்மகிட்ட என்னமோ சொல்லுது, நாமதான் அது வாயைப் பூசி வச்சிருக்கோமோன்னு தோணுது" என்றார் காஜா. பகவதியம்மாள் முந்தானையை ஈரமாக்கித் துடைத்தார். எட்டு வெள்ளிக்கிழமை உதிர்ந்தது. அடியில் ஒரு சின்ன மஞ்சள் படம் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு குழாய், ஒரு பெட்டி, பெட்டிக்குள் புள்ளிகள்.

"இது என்ன தம்பி, புள்ளிக் கோலம் கணக்கா?"

காஜா நெற்றியில் அடித்துக்கொண்டார். நெற்றியில் கிரீஸ் பொட்டு விழுந்தது. "வயிறு ரொம்பிட்டு, என்னை ரோட்டுல நல்லா ஓடவிடுன்னு சொல்லுது அக்கா. எத்தனை நாளா எரியுது?"

"எட்டு வாரமா."

"எட்டு வாரமாக் கத்தியிருக்கு!"

"நாங்க கும்பிட்டோம்" என்றார் சுடலைமணி, மெல்ல.

காஜா காருக்குப் பின்னால் போனார். புகைக்குழாயின் நுனிக்குள் விரலைவிட்டுச் சுற்றி எடுத்துப் பார்த்தார். விரலில் புதிதாகக் கரி ஒட்டவில்லை.

"உள்ள நல்லாத்தான் இருக்கான். உருகவும் இல்ல, உடையவும் இல்ல. ஒரு துளி வெளிய விடாம எல்லாத்தையும் அவனே முழுங்கியிருக்கான், பாவம்" என்றார்.

தன்னை ஒருவர் 'அவன்' என்று சொல்லிக் கேட்பது வடிகட்டிக்கு அதுதான் முதல் தடவை. வயிறு அவ்வளவு அடைத்திருந்தும் அதற்கு என்னவோ லேசாக இருந்தது.

வெட்டும் மெஷின் அலமாரிக்குத் திரும்பியது. காஜா காரை நின்ற இடத்திலேயே உறுமவிட்டு, பாதிக் கரியைப் பட்டறையிலேயே எரித்தார். நீர்மோரான எண்ணெயை இறக்கிப் புது எண்ணெய் ஊற்றினார். பிறகு சொன்னார்: "இப்படியே கோவில்பட்டி வரைக்கும் போங்க அண்ணாச்சி. எண்பதுல. நடுவுல நிறுத்தக் கூடாது."

"எண்பதா!" சுடலைமணிக்கு வேர்த்துவிட்டது.

"அம்மன் சொல்லியாச்சு. பேசாம மிதிங்க" என்றார் பகவதியம்மாள்.

மிதித்தார். கயத்தாறு வருவதற்குள் வடிகட்டியின் வயிற்றில் செந்தணல் பிடித்தது. மாதக்கணக்கில் கிடந்த கரி முறுமுறுவென்று எரிந்து அடங்கியது. ஏப்பம் விடத் தெரிந்திருந்தால் மதுரைக்குக் கேட்கும்படி விட்டிருக்கும். மேலே விளக்கு அணைந்தது. யாரும் கும்பிடாத இருட்டு. அதில் இப்படி ஒரு நிம்மதி இருக்கும் என்று விளக்கு எதிர்பார்க்கவில்லை.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். தெருமுனையில் வாத்தியார் காருக்குள் எட்டிப் பார்த்து, "அம்மனை எங்க காணோம்?" என்றார்.

"கயத்தாறுல இறங்கிட்டா" என்றார் சுடலைமணி.

அடுத்த வெள்ளிக்கிழமை, கார் நிழலில் நின்றுகொண்டிருந்தது. பகவதியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஏறினார். மஞ்சள் விளக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதன் மேல் இருந்த தூசியை அவர் பதமாகத் துடைத்தார்.

"இங்க வைக்கக் கூடாதுன்னு காஜா தம்பி சொல்லியிருக்கு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வெறும் கண்ணாடியைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. சந்தன விரல் கண்ணாடி முன் அலைந்தது. இரண்டு விரற்கடை தள்ளி ஒரு மூலை இருட்டாகக் கிடந்தது.

"இந்த மூலை சும்மாத்தானே கிடக்கு."

அந்த மூலையில் குடியிருந்தது சிவப்பு விளக்கு. எஞ்சினுக்கு எண்ணெய் வற்றினால் எரிகிற விளக்கு.

"ஆத்தாடி!" என்றது சிவப்பு. "எனக்குமா! ஜில்லுனு இருக்கு!"

எஞ்சின், இத்தனை நாளில் இல்லாத மரியாதையோடு, மெதுவாகக் கீழே கேட்டது.

"தம்பி வடிகட்டி... அந்தக் கண்ணடிக்கிற வித்தை சிவப்புக்கும் தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி" என்றது வடிகட்டி.