கற்பூரம் எரியும்போது கண்ணை மூடியவள்

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே! ராஜாக்கள் யானைமேல் ஊர்கோலம் போன காலம் அது. சேந்தங்குடி என்ற ஊரில் வடிவாயி என்று ஒரு செக்கு வீட்டுக்காரி இருந்தாள். அம்மன் கோயில் பிராகாரத்து விளக்குக்கெல்லாம் அவள் வீட்டு எண்ணெய்தான். ஆனால் கொடுமையைப் பாருங்கள், அம்மன் முகத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஏன் என்கிறீர்களா? அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ஒற்றைத் தலைவலி. அந்தக் கருவறையோ கும்மிருட்டு. கற்பூரம் காட்டினால்தான் முகம் தெரியும், அதுதான் அங்கே வழக்கம். கற்பூரம் ஏற்றியதுமே மணி அடிக்கும், உடுக்கை முழங்கும், சாம்பிராணி மூக்கை அடைக்கும். வடிவாயிக்கு வெளிச்சம் ஊசியாய்க் குத்தும். கண்ணை இறுக மூடிக்கொள்வாள். திறந்து பார்த்தால் பழையபடி இருட்டு. "இன்னிக்கும் உன்னைப் பாக்கலையே தாயே" என்று அழுதுகொண்டே வீடு திரும்புவாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஒருத்தி கண்ணேறு என்றாள். கடுகு சுற்றி அடுப்பில் போட்டாள். அந்த நெடியில் வலி வந்தது. இன்னொருத்தி விரதம் போதாது என்றாள். வடிவாயி பட்டினி கிடந்தாள்; பொழுது சாய்வதற்குள் வலி வந்தது. மூன்றாமவள் அங்கப்பிரதட்சணம் செய்யச் சொன்னாள். வெயிலில் உருண்டாள், வலியோடு வாந்தியும் வந்தது. பக்தி கூடக் கூட வலியும் கூடினால் மனுஷி என்னதான் செய்வாள்? கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டு, "என்மேல உனக்கு என்னடி கோபம்?" என்று அம்மனோடு சண்டை போட்டாள்.

திருவிழா வந்தது. கற்பூரம் எரியும்போது அவள் கண்ணை மூடி நின்றதை நாட்டாமை பார்த்துவிட்டார்.

"தீபத்துக்கு முகம் குடுக்காதவ மனசுல ஏதோ பாவம் கிடக்கு. இனிமே இந்தப் படி ஏறாதே!" என்று கத்தினார்.

பார்க்காத முகம்தான், ஆனாலும் அந்த வாசலும் போய்விட்டால் வடிவாயிக்கு ஏது கதி? கற்பூரத் தட்டோடு நின்ற பூசாரி மருதையனிடம் திரும்பிக் கேட்டாள்.

"உச்சிப் பூசை முடிஞ்சதும் நடையைச் சாத்துறீங்களே, ஏன் பூசாரி?"

"ஆத்தா கொஞ்சம் கண் அசரணும்ல தாயி."

"அப்ப மணி அடிப்பீங்களா?"

"மூச்! கண்ணுல வெளிச்சம் படக்கூடாதுன்னு கதவிடுக்குலகூடத் துணி அடைப்போம்."

"ஆத்தா வெளிச்சம் படாம படுத்தா அது ஓய்வு, தலைவலியில நான் கண்ணை மூடினா பாவமா?"

நாட்டாமை படியை விட்டு ஒதுங்கி நின்றார். இத்தனை காலமும் இவள் காதோரம் மணியடித்தது நாம்தானே என்று பூசாரிக்கு மனசு சுட்டது.

"நாளைக்கு நடை சாத்துறதுக்கு முன்னால வா தாயி" என்றார்.

மறுநாள் போனாள். மணி இல்லை, உடுக்கை இல்லை, புகை இல்லை. பூசாரி ஒரு சின்ன அகலை உள்ளங்கையால் மறைத்து, அம்மன் பக்கம் மட்டும் வெளிச்சம் விழும்படி பிடித்தார். அது பாதத்திலிருந்து மெல்ல மேலேறி முகத்துக்கு வந்தது. வடிவாயி கண்ணை மூடவில்லை.

"அடி ஆத்தா, நீ சிரிச்சுக்கிட்டா இருக்கே!" என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

அதற்கப்புறமும் தலைவலி வந்தது. அது எங்கே போகும்? ஆனால் வலியோடு படுக்கும்போது அம்மன் தன்னை வெறுக்கிறாள் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை.

ஆகவே நல்லவர்களே, அடுத்தவர் நோவைப் பாவம் என்று பழிக்காதீர்கள். அவர்களும் சாமியைப் பார்க்கும்படி உங்கள் விளக்கைக் கொஞ்சம் தணித்துப் பிடியுங்கள்.