நஞ்சப்பன் தூக்கிக் கொடுத்த பவர் சப்ளை

கணபதிப் பகுதியில் எங்கள் சந்துக்கு, மெஷினுக்கேற்ற வோல்ட்டில் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி வாங்க வருகிறவர்கள் அதன் மேல் எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார்கள். கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கை வலித்தால் நல்ல சரக்கு. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர் கடைக்காரர் நஞ்சப்பன். முன்பு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்துச் செம்புக் கம்பிச் சரக்குக்கு எடைதான் அழகு என்பது உண்மையும்கூட. பிறகு பெட்டிகள் லேசாகிவிட்டன, நஞ்சப்பன் அண்ணன் மாறவில்லை. எதிரே லேத் பட்டறை வைத்திருக்கும் நான் தினமும் டீ நேரத்துக்கு அவர் கடைக்குப் போய்விடுவேன். டீ சுமார்தான். கூட வருகிற புளுகுக்காகப் போவேன்.

அன்றைக்குக் கலாமணி வந்திருந்தாள். துடியலூரில், கம்ப்யூட்டரில் போட்ட படத்தின்படி மரக்கதவில் பூவும் மயிலும் செதுக்கும் சி.என்.சி. மெஷின் வைத்திருக்கிறவள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஏனுங்ணா, மெஷினு மெதுவா ஓடுனா நல்லா செதுக்குதுங்க. வேகத்தைக் கூட்டுனா ஸ்டெப்பர் மோட்டாரு கீச்சுனு கத்தீட்டு நின்னுக்குது. மறுக்கா கெளம்பறப்ப எடம் தப்பிப் போயிருதுங்க. மயிலுக்குக் கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். தேக்குப் பலகை ரெண்டு வீணாப் போச்சு. வெள்ளிக்கிழமை கதவு கேட்டவுங்களுக்குக் கிரகப்பிரவேசம். இனி இருக்கறது ஒரே பலகைதானுங்க."

மெதுவாக ஓட்டினால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. வேகமாக ஓட்டினால் கடைசிப் பலகையும் போய்விடும். அவள் மெஷினில் இருப்பது இருபத்து நாலு வோல்ட் சப்ளை. வேகத்துக்கு அது பத்தவில்லை என்பதுவரை அவளே கண்டுபிடித்திருந்தாள்.

"மோட்டாரை ஓட்டற டிரைவருங்கற போர்டு அம்பது வோல்ட்டு வரைக்குந்தான் தாங்குமுங்க. நான் எத்தனை வோல்ட்டுல சப்ளை வாங்கட்டும்?"

கேள்வி இவ்வளவுதான். ஒரு எண்ணைச் சொன்னால் வேலை முடிந்தது. நஞ்சப்பன் எழுந்தார். அலமாரியில் இருந்ததிலேயே பெரிய கறுப்புப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து மேஜையில் தொம்மென்று வைத்தார்.

"தூக்கு அம்மிணி."

தூக்கினாள். "நெம்பக் கனமுங்ணா."

"வோல்ட்டுங்கறது வெறும் எழுத்து. கனந்தான் கரண்டு. இது நாப்பத்தெட்டு. கண்ணை மூடீட்டு எடுத்துட்டுப் போ."

"இல்லீங்ணா, அந்த டிரைவரு..."

"அரசூர்ல ஒரு பட்டறைக்கு நான் ஒரு சப்ளை கட்டிக் குடுத்தன், கேளு." அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். டீ கொண்டுவந்த மருதாசலம் திரும்பிப் போகாமல் அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். "லாரில ஏத்துனோம். முன் சக்கரம் ரெண்டும் அந்தரத்துல நின்னுக்கிச்சு. அவிநாசி ரோடு பூரா வண்டி பின் சக்கரத்துலயே போச்சு."

"பின்ன வண்டிய எப்படீங்க திருப்புனாங்க?" என்றான் மருதாசலம்.

"நான் சப்ளை மேல உக்காந்திருந்தனல்லொ? திருப்பத்துல சித்தெ அந்தப் பக்கம் சாஞ்சன். வண்டி திரும்பிக்கிச்சு."

மருதாசலம் என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

"கொண்டுபோய் மாட்டி சுவிச்சைப் போட்டா, மோட்டாருக்கு வந்துச்சு பாரு ஒரு வேகம்! கம்ப்யூட்டர்ல கதவோட படத்தை இன்னும் போடவே இல்லை, அதுக்குள்ள செதுக்கி முடிச்சுப்போட்டுது. பலகை இன்னும் பட்டறைக்கே வல்லை. தரையில மரத்தூளு மட்டும் மொழங்கால் ஒயரத்துக்குக் கெடக்குது. பொழுதோட பலகை வந்து எறங்குனா, ஒவ்வொண்ணுலயும் பூவேலை முடிஞ்சிருக்குது!"

"மெஷினுக்குப் போகாத பலகையிலயா?" என்றேன் நான்.

"உனக்கு லேத்தைத் தவிர என்ன தெரியும்?" என்று என்னை ஒதுக்கிவிட்டுக் கலாமணி பக்கம் திரும்பினார். "அதையக்கூட விடு அம்மிணி. அத்தனை வேகத்துல ஓடறதை டப்புனு நிறுத்துனா என்னாகும்? மோட்டாருக்குள்ள இருக்கற கரண்டு சும்மா இருக்குமா? வந்த வழியே திரும்புச்சு."

அதுவரை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்த கலாமணி நிமிர்ந்தாள். "இது நெசங்களா? நிறுத்தறப்ப கரண்டு திரும்பி வருமுங்களா?"

"இது பொய்யின்னா என்ற நாக்கு அழுகிப் போகட்டும்! எந்த மெஷின்லயும் வரும். வேகமா ஓடறதை நிறுத்தறப்ப மோட்டாரே கரண்டு ஊத்தும். சப்ளைல வோல்ட்டு எகிறும்."

அவள் விரலால் மேஜையில் எதையோ எழுதிப் பார்த்தாள். தன் பேச்சில் அவள் மயங்கிவிட்டதாக நினைத்து அண்ணனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"அரசூர்ல கரண்டு சப்ளையோடயா நிக்கும்? சொவத்துக்குள்ள பூந்து கம்பத்துல ஏறுச்சு. ஊர்ல இருக்கற மீட்டரெல்லாம் பின்னால சுத்துச்சு. அப்பறம் கம்பி வழியா மலைமேல அணைக்கே போயிருச்சு. அங்க சக்கரமெல்லாம் எதிர்ப்பக்கம் சுத்தி, கீழ போன தண்ணியப் பூரா மறுக்கா மேல ஏத்தி, அணை நெறஞ்சுபோச்சு! அந்த வருசம் பொட்டு மழை இல்லை, ஞாபகம் இருக்குதா?"

"அந்த வருசம் வெள்ளமுங்க," என்றான் மருதாசலம்.

"அதையத்தான சொல்றன்! அத்தனை தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைச்சுட்டிருந்தே?"

மருதாசலம் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அதற்குள் கலாமணி கணக்கைப் போட்டு முடித்திருந்தாள். "டிரைவரு தாங்கறதே அம்பதுதானுங்ணா. நாப்பத்தெட்டை வெச்சு வேகமா ஓட்டி நிறுத்துனா, திரும்பி வர்ற கரண்டு அம்பதைத் தாண்டிப்போடுமில்லீங்க? டிரைவரு புகைஞ்சு, பலகையும் போயிரும். முப்பத்தாறு இருந்தாக் குடுங்க. வேகத்துக்கும் ஆகும், எகிறுனாலும் தாங்கும்."

புளுகில் இருந்த ஒரே உண்மையை அவள் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். நஞ்சப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பத்தாறு வோல்ட் பெட்டி கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்தது.

"அது அப்பளக் கட்டு மாதிரி இருக்குது அம்மிணி! அதைய வெச்சு மயிலு செதுக்குனா மயிலு கோழியாப் போயிரும். இந்தக் கனத்தைப் பாரு. உள்ள என்ன இருக்குதுன்னு வேணும்னாத் தொறந்தே பாரு!"

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். அதை நான் அன்றைக்குக் கொடுத்த வேகத்தில் வேறு எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

மூடியைக் கழற்றினோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது. மீதி இடம் முழுக்கச் சிமென்ட். நன்றாகப் பூசி, கரணையால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான் எவனோ. அண்ணனுக்கு இது தெரியாது. அவரே தூக்கிப் பார்த்து ஏமாந்து வாங்கிய சரக்கு. வாய் திறந்தபடி நின்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்துக்கு.

"பாத்தியா அம்மிணி!" என்று கத்தினார். "திரும்பி வர்ற கரண்டுக்குத் தடுப்பணை கட்டி வெச்சிருக்கறான்! கெட்டிக்காரன்!"

கலாமணி சிரிக்கவில்லை. முப்பத்தாறு வோல்ட் பெட்டியை ஒரு கையில் எடுத்துக்கொண்டாள். "அந்த அணையையும் பேத்துக் குடுங்ணா. எனக்கு வேணுமுங்க."

தன் சரக்கை ஒருத்தி கேட்டு வாங்குகிறாளே என்று அண்ணன் அதை அலுங்காமல் பெயர்த்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசத்துக்கு அண்ணனுக்கு அழைப்பு இல்லை. அதற்கெல்லாம் காத்திருக்கிறவர் அவர் இல்லை. எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் கதவு நின்றது. மயிலின் கழுத்தை நான் கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை.

அதற்குள் அண்ணன் கதவோரமாக நின்று விருந்துக்கு வந்திருந்த உறம்பரைகளிடம் ஆரம்பித்திருந்தார். "இந்த மயிலுக்குச் சப்ளை என்ற கடைதானுங்க. தூக்கறதுக்கே பத்தாளு வேணும். சுவிச்சைப் போட்டதும் மயிலு அகவுன சத்தம் கணபதி வரைக்கும் கேட்டுது!"

"அத்தாப் பெரிய சப்ளையா? இப்ப எங்கீங்க இருக்குது?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

சந்தனக் கிண்ணத்தோடு வந்த கலாமணி நின்றாள். "இங்கதானுங்க இருக்குது. நஞ்சப்பண்ணன் குடுத்தது மட்டும் இல்லீன்னா இந்தக் கதவு ஒரு நிமிசம் நிக்காதுங்க."

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். அவள் கீழே கை காட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். திறந்த கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தது அந்தச் சிமென்ட் கட்டி. கதவுக்குப் பொட்டு வைத்தவர்கள் அதற்கும் ஒன்று வைத்திருந்தார்கள்.

"காத்து எப்படி அடிச்சாலும் அசையறதில்லீங்க," என்றாள் கலாமணி. "கனம்னா அப்படியொரு கனம்."